இரவல் பதிவேடு

தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகைக்கு மேலே
இரண்டு அறைகள். அதுதான் எங்கள் அருங்காட்சியகம்.
கீழே வண்டியைக் கிளப்பினால்
மேலே முள்கரண்டிகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்
என்ன ஆச்சு, என்ன ஆச்சு.

நுழைவுச்சீட்டு ஒரு யூரோ.
முரா ஆற்றில் வெள்ளம் வந்தால் இலவசம்,
அன்றைக்கு ஊரே மாடியில்தான் நிற்கும்.

நவம்பரில் ஒரு வியாழன்.
சேற்று பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
ஸ்மாகோ வந்தார். சீட்டு வாங்கவில்லை.
நேரே போய் 214 முன்னால் நின்றார்.

இறைச்சி அரைவை. வார்ப்பிரும்பு.
1930கள். வசதியான விவசாயக் குடும்பம்.
என் கையெழுத்துதான்.

பொய், என்றார்.
முப்பதுகளில் எங்களுக்கு ஏது வசதி.
ஐம்பத்தெட்டில் அப்பா கன்றுக்குட்டியை விற்று வாங்கினது.
இந்தக் காலில் பற்றவைப்பு தெரிகிறதா?
நான் கீழே போட்டது.
அதற்கு வாங்கின அறை இதோ, என்று
கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.
அங்கே அறுபது வருட வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

தங்கை அலோய்சியா வீட்டை விற்றபோது
இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டாளாம்.
புதிதாக வாங்கின மின் அரைவை
கறியைக் கூழாக்கிவிடுகிறதாம்.
சனிக்கிழமை பன்றி அடிக்கிறோம்,
இரண்டு நாள் போதும்.

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
பிற அருங்காட்சியகங்களுக்கு இரவல் தரலாம்.
நிறுவனத்தின் பெயர் என்ற கட்டத்தில்
ஸ்மாகோவின் கொல்லை என்று எழுதினேன்.
நோக்கம்: இரத்த சாசேஜ்.
வெப்பநிலைக் கட்டுப்பாடு: உறைபனி.
வெள்ளைக் கையுறையோடு தூக்கிக் கொடுத்தேன்.
வெறுங்கையால் வாங்கி
கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார்.
பதினொரு வருடம் பேசாதிருந்தது
ஒரே ஒரு தடவை கனைத்தது.

செவ்வாய்க்கிழமைதான் திரும்பியது.
கழுவி, துடைத்து, கொழுப்புப் பூசி,
கூடவே செய்தித்தாளில் சுற்றிய மூன்று சாசேஜ்
(அவற்றைப் பதிவேட்டில் ஏற்றவில்லை).
திருகின் பள்ளத்தில் ஒரு தினை ஒட்டியிருந்தது.
எடுக்கவில்லை.
நிலை என்ற கட்டத்தில் எழுதினேன்:
போன சனிக்கிழமை வரை நன்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா.
டிசம்பரில் யூஸ்டினா கேக் அச்சைக் கேட்டு வந்தாள்.
பனி கொட்டிய அன்று தபால்காரர் சறுக்குவண்டியை
கையெழுத்துக்கூடப் போடாமல் இழுத்துக்கொண்டு போனார்.
தொட்டிலுக்கு ஒரு புதுத் தம்பதி.
எப்போது தருவீர்கள்?
பல் முளைத்ததும்.

அலமாரிகளில் தூசி நடுவே வட்டங்கள், சதுரங்கள்.
பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவற்றைக் காட்டுகிறேன்:
இது இன்று வேலைக்குப் போயிருக்கிறது.

61 மட்டும் போகவில்லை.
காப்பி அரைக்கும் பெட்டி.
வால்நட் மரம், பித்தளைக் கிண்ணம்,
அடியில் சின்ன இழுப்பறை.
எனக்கு முன்னிருந்தவரின் சாய்ந்த எழுத்தில்
ஏலத்தில் எடுத்தது. 1944, கோடை.
யாருடைய வீட்டுச் சாமான் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் ஒரு கோடு.

அந்தக் கோடையில் எந்தெந்த வீடுகள்
ஆளில்லாமல் திறந்து கிடந்தன என்று
கேட்டால் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.
ஸ்மாகோவைக் கேட்டேன்.
வெகுநேரம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடைத்தெருவில் மூன்றாவது கதவு, என்றார்.
அந்த இடம் வந்தால் அம்மா வேகமாக நடப்பாள்,
நான் ஓடவேண்டியிருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை, கதவைச் சாத்திய பிறகு,
அதன் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.
சுற்றிப் பார்க்கிறேன்.
வெறும் பல்லோடு பல் உரசும் சத்தம்.

இழுப்பறையில் ஓர் இரவல் சீட்டு
கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன்.
பெறுபவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது.
திருப்பித் தரவேண்டிய நாள் என்ற வரியை மட்டும்
அடித்துவிட்டேன்.